நிலத்தடி நீரில் கலந்த நைட்ரஜன் மாசை ஜியோலைட் மாதிரியான நுண்துளைக் கற்களால் நீக்க முடியுமா?

உங்கள் தண்ணீரில் நைட்ரஜன் எந்த வடிவில் இருக்கிறது, அம்மோனியமாகவா, நைட்ரேட்டாகவா? முதலில் அதைப் பாருங்கள். பார்க்காமல் மூட்டை மூட்டையாக ஜியோலைட் வாங்கிக் கொட்டியவர்களைக் கண்டிருக்கிறேன். அந்தச் செலவு உங்களுக்கும் வீணாகக் கூடாது.

கல்லில் துளை இருந்தால் மட்டும் போதாது, மின்சுமையும் பொருந்த வேண்டும். ஜியோலைட்டின் கட்டமைப்பு எதிர்மின்சுமை கொண்டது. நேர்மின்சுமையுள்ள அம்மோனியம் வந்தால், துளைக்குள் இருக்கும் சோடியத்தை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கல் நிறைந்துவிட்டால் உப்பு நீரில் ஊறவைத்து மறுபடி பயன்படுத்தலாம். நைட்ரேட்டுக்கு எதிர்மின்சுமை, கல் அதை அண்டவிடாது. உரத்திலிருந்து வரும் நைட்ரேட், பெரும்பாலும் எதிர்மின்சுமையே கொண்ட மண்ணில் தங்காமல் மழையோடு நேரே கீழே இறங்குவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நானே இரண்டு பாட்டில்களில் ஜியோலைட் போட்டு ஓரிரவு வைத்துப் பார்த்தேன். காலையில் அம்மோனியச் சோதனையின் பச்சை நன்றாக வெளிறியிருந்தது. நைட்ரேட் சோதனைப் பட்டையோ முதல் நாள் காட்டிய அதே அடர் இளஞ்சிவப்பு.

சரி, நைட்ரேட்டுக்கு என்ன வழி? பாக்டீரியாதான். ஆக்சிஜன் இல்லாத இடத்தில், மரத்தூளை உணவாகக் கொண்டு, நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனை எடுத்துச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. மிஞ்சும் நைட்ரஜன் வாயுவாகப் போய்விடும். பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) போன்ற நுண்துளைக் கல் இங்கே அவை ஒட்டி வாழும் வீடு, அவ்வளவே. கனடாவில் ராபர்ட்சன், செர்ரி என்ற ஆய்வாளர்கள் 1990களில் நிலத்தடி நீரின் பாதையில் மரத்தூள் கலந்த தடுப்பைப் புதைத்தார்கள். 15 ஆண்டுகள் கழித்தும் அது நைட்ரேட்டை நீக்கிக்கொண்டிருந்தது. எனக்கு மிகப் பிடித்த முறை இதுதான்: பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

ஆனால் இதைச் சமையலறை வடிகட்டியாகச் செய்துவிடாதீர்கள். தொடக்கத்தில் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். பாக்டீரியாவின் வேலை பாதியில் நின்றால் நைட்ரேட்டைவிட மோசமான நைட்ரைட் தேங்கும். குடிக்க ஆர்.ஓ. அல்லது எதிரயனிப் பரிமாற்றப் பிசின் (நைட்ரேட் போன்ற எதிர்மின்சுமை அயனிகளைப் பிடித்துவைப்பது)தான் சரி. கொதிக்கவைத்தால் நீர் வற்றி நைட்ரேட் செறிவு இன்னும் கூடும். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

அப்புறம், ஆய்வறிக்கையில் 'நைட்ரேட்' என்று இருக்கிறதா, 'நைட்ரேட்-நைட்ரஜன்' என்று இருக்கிறதா பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட். அதையே நைட்ரஜனாகக் கணக்கிட்டால் சுமார் 11தான்.