ஆடியில் அசையாத பட்டுப்புடவைகள்: கேள்வி பதில்

எட்டு வருடமாக வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாவிலும் பழைய பட்டுப்புடவை விற்கிறேன். அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். ஜீன்ஸ், குர்தி எல்லாம் எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்று: பணம் வங்கிக் கணக்கில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் பார்சல் கட்ட வேண்டும். ஸ்க்ரீன்ஷாட் பணம் ஆகாது.

மதுரை: அக்கா, ஆனி வரை வாரம் ஏழெட்டுப் புடவை போனது. ஆடி பிறந்ததும் விலை கேட்டு இன்ஸ்டாவில் ஒரு டிஎம் (தனிச் செய்தி) கூட இல்லை. அக்கவுன்ட்டில் ஏதாவது கோளாறா?

ஒரு கோளாறும் இல்லைம்மா. ஆடியில் யார் வீட்டில் கல்யாணம் வைக்கிறார்கள்? ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நம் ஊரில் முகூர்த்தப் புடவை தேட ஆள் இருக்காது. மார்கழியிலும் இதே கதைதான். ஆனால் நம் ஆடி எல்லாருக்கும் ஆடி இல்லை. தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாடம்தான் ஆகாத மாதம், அது பெரும்பாலும் நம் ஆடி அமாவாசையோடு முடிந்து மறுநாளே சிராவணம் பிறந்துவிடும், அவர்கள் வீட்டில் கல்யாணப் பேச்சும் வரலட்சுமி விரதத்துக்குப் புடவை எடுப்பதும் சேர்ந்தே ஆரம்பிக்கும். நான் ஆடி முதல் வாரத்திலேயே விலை, நீளம், பிளவுஸ் துணி உண்டா இல்லையா எல்லாவற்றையும் ஆங்கிலத்திலும் போட்டுவிடுவேன். கேரளாவுக்கு அது கர்க்கடகம், அங்கேயும் மந்தம்தான், ஆனால் அடுத்த மாதமான சிங்ஙத்தில் ஓணம். கசவு (ஜரிகைக் கரை போட்ட கேரளப் புடவை) கையில் இருந்தால் இப்போதே படம் எடுத்து வையுங்கள்.

திருச்சி: பெரிய கடைகள் எல்லாம் ஆடித் தள்ளுபடி போடுகிறார்களே, நானும் பாதி விலை போடட்டுமா?

வேண்டாம். அவர்களிடம் ஒரே டிசைனில் ஐம்பது இருக்கும், தேங்கியதைத் தள்ளுகிறார்கள். உங்களிடம் இருப்பது ஒவ்வொன்றிலும் ஒன்று. ஒருமுறை பாதி விலை போட்டால் அடுத்த ஆடி வரை உங்கள் வாடிக்கையாளர் காத்திருப்பார். கூரியர் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், அது போதும்.

ஈரோடு: வருமான வரி, ஜிஎஸ்டி...

ஆடிட்டரைக் கேளுங்கள்.

சேலம்: ஒரு கனத்த அரக்குப் பட்டு 5,500 கொடுத்து வாங்கினேன், நாலு மாதமாகக் கிடக்கிறது. பழைய ஜரிகை வாங்குபவர் 6,000 தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?

அவர் கண்ணால் பார்த்தே 6,000 சொல்கிறார் என்றால் உள்ளே அதைவிட அதிகம் இருக்கிறது தம்பி. அசல் ஜரிகை என்பது வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிப் பட்டு நூலின் மேல் சுற்றித் தங்க முலாம் பூசுவது. முந்தானையின் உள்பக்கம் ஒரு இழையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் நல்ல அறிகுறி. அதை மட்டும் நம்ப வேண்டாம், ஜரிகை சோதிக்கும் மெஷின் வைத்திருக்கிற கடையில் காட்டுங்கள். நன்றாக இருக்கும் புடவையைக் கொளுத்தி வெள்ளி எடுக்கக் கொடுப்பது எனக்கு ஆகாத காரியம். என்னிடமும் இதே போல ஒரு அரக்கு இருக்கிறது, மயில் சக்கர பார்டர், நான் கொடுக்கவில்லை.

மறுபடி சேலம்: ஆகாது என்பது உங்கள் மனசு அக்கா. வெள்ளி விலை ஏறிக்கிடக்கிறது. முடங்கின பணம் கைக்கு வந்தால் இந்த ஆடியிலேயே மூன்று புடவை வாங்குவேனே?

கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆடிதான் நமக்கு வாங்குகிற மாதம், விற்க வருகிறவர்களும் விலையில் இறங்கி வருவார்கள். ஆனால் 500 ரூபாய் லாபத்துக்கு முழுப் புடவையைக் கொடுப்பதைத்தான் சொல்கிறேன்.

காஞ்சிபுரம்: நான் சேலம் தம்பி பக்கம். உடல் நைந்துபோன புடவையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அட, நைந்ததை யார் வைத்துக்கொள்ளச் சொன்னது? நானே கொடுத்திருக்கிறேன், எதிரில் தராசில் எடை போட்டு. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வழி இருக்கிறது. பட்டு முதலில் விடுவது மடிப்பில். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மடிப்போரம் சல்லடை மாதிரி தெரியும். நடுவில் இரண்டு மடிப்பு மட்டும் போயிருந்தால் பார்டரைப் பிரித்து வேறு உடலில் வைத்துத் தைக்கலாம், அல்லது நல்ல பகுதியை வெட்டிப் பெண் குழந்தைகளுக்குப் பட்டுப்பாவாடை. போன ஆடியில் ஒரு மாம்பழ மஞ்சளில் இரண்டு பாவாடை தைத்து வைத்தேன், தையல்காரரும் ஆடியில் சும்மாதான் இருந்தார், கூலியும் குறைத்தார். நவராத்திரிக்கு முன்னாலேயே இரண்டும் போய்விட்டன. கொளுத்துவது கடைசி வழி.

சேலம்: பாவாடைக்கு வெட்டுவதும் கொளுத்துவதும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. இதற்கு மேல் இதைப் பேச மாட்டேன்.

தஞ்சாவூர்: விற்காத புடவைகளை எப்படி வைப்பது?

பிளாஸ்டிக் கவர் வேண்டாம். பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள், அந்துருண்டை பட்டில் படக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விட்டு மடிப்பை மாற்றுங்கள், பழைய மடிப்பிலேயே திரும்ப மடிக்காதீர்கள். ஆடிக் காற்றில் மாடியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கி வராதீர்கள், அடுத்த தெருவில் போய்த் தேட வேண்டியிருக்கும்.

நெல்லை: ஆடியில் ஆர்டரே இல்லை, என்ன செய்வது அக்கா?

மதுரைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோவை: தள்ளுபடி...

திருச்சி.

வேலூர்: ஒருவர் பேரம் பேசாமல் 9,000 அனுப்பிவிட்டதாகப் படம் அனுப்பினார், பார்சலை எடுக்க ஆளும் அனுப்புகிறாராம். வியாபாரமே இல்லாத நேரம், நம்பலாமா?

வியாபாரம் இல்லாத நேரம் என்று தெரிந்துதான் வருகிறார்கள். மந்தமான மாதத்தில் பேரம் பேசாதவரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். பணம் கணக்கில் வந்ததா? வரவில்லை என்றால் புடவை பீரோவில் இருக்கட்டும். பணத்தை வாங்கிக்கொள்ள யுபிஐ பின் நம்பரைப் போடு என்று சொன்னால் உடனே பிளாக் செய்யுங்கள், பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை.

சேலம்: கடைசியாக ஒன்று. உங்கள் அரக்குப் புடவை விற்றதா?

இல்லை. ஏழு மாதம் ஆகிறது. நேற்றுதான் மடிப்பு மாற்றி வைத்தேன். வேண்டுமென்றால் டிஎம் பண்ணுங்கள் தம்பி, ஆனால் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பாதீர்கள்.