தொலைக்காட்சியில் வானியலை விளக்கிய பேட்ரிக் மூரைப் பிரிட்டன் மக்கள் அவ்வளவு நேசித்தும், அவருடைய முதுமையில் ஏன் அவர் சாவை வைத்துக் கிண்டலடித்தார்கள்?

வீட்டுப் பெரியவரைக் கிண்டலடிப்பதுபோலத்தான். 1957 ஏப்ரலில் பிபிசியில் தொடங்கிய 'தி ஸ்கை அட் நைட்' வானியல் நிகழ்ச்சியை, 2012 டிசம்பரில் 89 வயதில் இறக்கும்வரை மாதாமாதம் நடத்தினார். தவறியது ஒரே ஒரு மாதம்: 2004 ஜூலை. கெட்டுப்போன கூஸ் வாத்து முட்டை ஆளைச் சாகக் கிடத்திவிட்டது! நிலவில் மனிதன் இறங்கியதை நேரலையில் விளக்கியவரை ஒரு முட்டை சாய்த்தால், பயத்தோடு சிரிப்பும் வரத்தானே செய்யும்?

ஒற்றைக்கண் கண்ணாடி, ஏறி நிற்கும் புருவம், மூச்சுவிடாத பேச்சு. ஒருமுறை நேரலையில் வாய்க்குள் ஈ புகுந்தது. முழுங்கிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். தன்னையே கேலிச்சித்திரமாக்கிக்கொண்டவர் என்பதால் மற்றவர்களுக்கும் கூச்சமில்லை. குடியேறிகள் பற்றிய அவருடைய கருத்துகள் எனக்கு ஒவ்வாதவை, அது வேறு கதை. கடைசிக் காலத்தில் நடமாட முடியாமல் வீட்டிலிருந்தபடியே நிகழ்ச்சியை நடத்தினார். "இன்னும் இருக்கிறாரா?" என்ற கேலிக்குள் இருந்தது, அடுத்த மாதமும் வரவேண்டுமே என்ற பதைப்பு.