அக்காவிடம் கேளுங்கள்: காலேஜ், பர்சரி, அப்புறம் வேலை

இங்கே தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடிவு வந்த பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காலேஜைப் பற்றித்தான். ஒரு டிவெட் காலேஜில், அதாவது தொழிற்கல்விக் காலேஜில், மாணவர் உதவிப் பிரிவில் பல வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான், அதனால் இந்தத் தடவை மற்றக் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

*அக்கா, என் மகன் மெட்ரிக் பாஸ், ஆனால் ஹையர் சர்டிபிகேட் பாஸ்தான். யூனிவர்சிட்டிக்கு வழி இல்லை. எலெக்ட்ரிஷியன் வேலை படிக்க டிவெட் காலேஜுக்குப் போகிறேன் என்கிறான். அவன் பெரியப்பா, "படிப்பு ஏறாத பிள்ளைகள் போகிற இடம் அது" என்கிறார். காலேஜில் என்சிவி லெவல் 2-க்கு ஃபாரம் கொடுத்தார்கள். சேர்க்கலாமா?*
*— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்*

தங்கச்சி, பெரியப்பா பேச்சை முதலில் முடித்துவிடுவோம். 1890-இல் திருவிதாங்கூரிலிருந்து ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்கு வந்தவர் எம். எல். சுல்தான். அவர் கொடுத்த பணத்தால்தான் 1946-இல் டர்பனில் நம் இந்தியப் பிள்ளைகளுக்கென்று ஒரு டெக்னிக்கல் காலேஜ் எழுந்தது. வேறு கதவுகள் எல்லாம் நமக்கு மூடியிருந்த காலம் அது. பகலில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி வகுப்புக்குப் போன தாத்தாக்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று அவரையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலேஜ் டெக்னிகான் என்ற உயர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்து, 2002-இல் இன்னொரு டெக்னிகானோடு இணைந்து, இன்றைக்கு டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. கைத்தொழில் படித்துத்தான் நம் குடும்பங்கள் பாதி தலையெடுத்தன.

இனி அந்த ஃபாரம். கையெழுத்துப் போடுமுன் கொஞ்சம் பொறுங்கள். என்சிவி என்பது 2007-இல் வந்த தொழிற்கல்விச் சான்றிதழ்ப் படிப்பு, லெவல் 2, 3, 4 என்று மூன்று வருடம். ஒன்பதாம் வகுப்பு முடித்த பிள்ளையே அதில் சேரலாம். லெவல் 4 முடித்தால் எந்தப் படியில் நிற்பானோ, தேசியத் தகுதிப் படிகளில் அதே நான்காம் படியில்தான் மெட்ரிக்கும் இருக்கிறது. அதாவது உங்கள் மகன் மூன்று வருடம் நடந்து, காகிதக் கணக்கில் இப்போது நிற்கிற இடத்துக்கே வந்து சேருவான். கையில் தொழில் பழக்கம் கிடைக்கும், அது சின்ன விஷயமில்லை, ஆனால் மூன்று வருடம் என்பதும் சின்ன விஷயமில்லை. மெட்ரிக் முடித்த எத்தனையோ பிள்ளைகளை, வகுப்பில் இடம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக லெவல் 2-இல் உட்கார வைத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அவனுக்குக் கணக்கும் அறிவியலும் நன்றாக வந்திருந்தால் எஞ்சினியரிங் என்4-இல், அதாவது மெட்ரிக்குக்கு மேலான என்4, என்5, என்6 படிப்பின் முதல் படியில், சேர்ப்பார்களா என்று கேளுங்கள். வரவில்லை என்றால், எலெக்ட்ரிஷியனுக்கான தொழில் தகுதிப் படிப்பு, அதுவும் ஒரு கம்பெனியோடு அப்ரெண்டிஸ் ஒப்பந்தம் போட்டு நடத்துவது அந்தக் கேம்பஸில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் வகுப்பும் வேலையும் மாறி மாறி வரும், கையில் கொஞ்சம் சம்பளமும் வரும், கடைசியில் ட்ரேட் டெஸ்ட் என்ற தொழில் பரீட்சை. எலெக்ட்ரிஷியன் என்று ஊர் மதிப்பது அந்த டெஸ்டைப் பாஸ் பண்ணினவனைத்தான். எந்த வழியில் போனாலும் அங்கே போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி.

அப்புறம், மகனோடு நீங்களும் போய் ஒர்க்‌ஷாப்பைப் பாருங்கள். வரவேற்பறையில் ஒட்டியிருக்கிற படத்தைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். வயரிங் பலகைகள் பிள்ளைகள் கை பட்டுத் தேய்ந்திருக்கிறதா, புதுசாகப் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். போன வருடம் முடித்த பிள்ளைகள் எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வீட்டு வருமானம் வருடத்துக்கு 3,50,000 ரேண்டுக்குள் இருந்தால் என்ஸ்ஃபாஸ் என்ற அரசாங்க மாணவர் நிதி உதவித் திட்டத்தின் பர்சரிக்கு மனுப்போடலாம், மனுவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை, பர்சரிப் பணத்தைத் திருப்பிக் கட்டவும் வேண்டாம். ஆனால் காலேஜ் என்று பார்த்தால் அது அரசாங்கத்தின் 50 டிவெட் காலேஜ்களுக்குத்தான். தனியார் காலேஜில் கிடையாது. என் தம்பி மகன் ஒரு தனியார் இடத்தில் முழுப் பணத்தையும் கட்டிய பிறகுதான் அந்த இடம் பதிவே இல்லாதது என்று எங்களுக்குத் தெரிந்தது. ஒரு சென்ட்கூடத் திரும்பி வரவில்லை. உயர்கல்வித் துறையில் பதிவு இருக்கிறதா என்று பார்க்காமல் யாருக்கும் பணம் கட்டாதீர்கள்.

*அக்கா, நான் மனிதவளம் என்5 படிக்கிறேன். ஆயாவுக்கு உடம்பு முடியாமல் போய் மூன்று வாரம் வகுப்புக்குப் போகவில்லை. அம்மா வேலைக்குப் போக வேண்டும், ஆயாவைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் ஆள் இல்லை. இப்போது பர்சரி போய்விடும் என்று தோழிகள் சொல்கிறார்கள். இந்த மாதப் பயணப் பணமும் வரவில்லை, டாக்சிக்குக் கடன் வாங்கிப் போகிறேன்.*
*— ஒரு மாணவி, பீனிக்ஸ்*

கண்ணு, பயப்படாதே, ஆனால் நாளைக்கே போ. பர்சரி தொடர 80 சதவீத வருகை வேண்டும் என்பது உண்மை. ஆறு மாத செமஸ்டரில் மூன்று வாரம் என்பது பெரிய ஓட்டை. ஆயாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு, கிளினிக் சீட்டு எது இருந்தாலும் நகல் எடுத்துக்கொண்டு, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, மாணவர் உதவிப் பிரிவில் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள். அந்தப் பிரிவு எல்லா அரசாங்கக் காலேஜிலும் உண்டு. பிள்ளைகள் அதை ஏதோ தண்டனை கொடுக்கிற இடம் மாதிரி நினைத்து ஒதுங்கிப் போகிறார்கள். நான் அந்த நாற்காலியில் இருந்தபோது, முதல் வாரத்திலேயே வந்து சொன்ன பிள்ளைக்கு ஏதாவது வழி செய்ய முடிந்தது. பரீட்சை வாரத்தில் அழுதுகொண்டு வந்த பிள்ளைக்கு என்னால் தண்ணீர் கொடுக்கத்தான் முடிந்தது.

வருகையை விட அவசரமானது உன் உள்மதிப்பெண். ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுதவே விடமாட்டார்கள். விட்டுப்போன டெஸ்டுகளை எப்போது எழுதலாம் என்று ஒவ்வொரு ஆசிரியரிடமும் தேதி கேட்டு வாங்கு.

பயணப் பணத்துக்கு இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். உன் பதிவு விவரத்தைக் காலேஜ் என்ஸ்ஃபாஸுக்கு அனுப்பியாயிற்றா என்று நிதி உதவி மேசையில் கேள், அது போகாமல் கிடந்தால் பணம் நகராது. அனுப்பிவிட்டார்கள் என்றால் உன் என்ஸ்ஃபாஸ் கணக்கைத் திறந்து அங்கே என்ன நிலை என்று காட்டுகிறது என்று பார். மாணவர் பேரவை ஆட்களிடமும் சொல்லி வை, உன் ஒருத்திக்கு மட்டும் வராமல் இருக்காது, பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பதில் வேகமாக வரும். அப்புறம், வீட்டுப் பாரம் இப்படி உன் ஒருத்தி தலையில் விழுந்திருக்கும்போது மனசும் களைத்துப்போகும். ஹையர் ஹெல்த் என்று காலேஜ் மாணவர்களுக்கான உதவித் தொலைபேசி 24 மணி நேரமும் இருக்கிறது, காசில்லாமல் பேசலாம். பேசு கண்ணு.

*என் மகளுக்குக் காது சரியாகக் கேட்காது. காலேஜில் உதவி உண்டா?*
*— ஒரு தகப்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்*

உண்டு அண்ணா. சேரும் ஃபாரத்திலேயே எழுதிவிடுங்கள், மறைக்காதீர்கள். பரீட்சையில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு டாக்டர் அறிக்கையோடு முன்கூட்டியே மனுப்போட வேண்டும். ஊனம் உள்ள மாணவர்களுக்கு என்ஸ்ஃபாஸ் வருமான வரம்பு 6,00,000 ரேண்ட்.

*அக்கா, ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் என்6 முடித்து இரண்டு வருடமாகிறது. டிப்ளமா இன்னும் கையில் இல்லை. மாமாவின் ஹார்ட்வேர் கடையில் நிற்கிறேன். இது அனுபவமாகச் சேருமா? யூனிவர்சிட்டிக்குப் போக முடியுமா?*
*— ஓர் இளைஞர், டொங்காட்*

தம்பி, என்4, என்5, என்6 மூன்றும் சேர்ந்து 18 மாதப் படிப்பு. அதன் மேல் படிப்புக்குப் பொருந்திய வேலையில் 18 மாதம். இரண்டும் சேர்ந்தால்தான் டிப்ளமா. முதல் பாதியைக் காலேஜ் நடத்திவிடும், இரண்டாம் பாதியைப் பெரும்பாலும் பிள்ளைகளே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அங்கேதான் இத்தனை பேர் பாதிப் பாலத்தில் நிற்கிறார்கள். சேருகிற அன்றைக்கே, "அந்த 18 மாதத்தை எங்கே செய்வேன்?" என்று கேட்டிருக்க வேண்டும். அதை உனக்கு யாரும் சொல்லித் தராதது உன் தப்பில்லை.

மாமா கடை என்பதற்காக அந்த இரண்டு வருடத்தை வீண் என்று எண்ணாதே. நீ செய்கிற வேலைதான் கணக்கு. சிமெண்ட் மூட்டை மட்டும் தூக்கினால் சேராது. இன்வாய்ஸ் போடுகிறாயா, கேஷ் புக் எழுதுகிறாயா, வாட் கணக்கு, ஸ்டாக் கணக்கு, வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது, இதெல்லாம் உன் கையில் இருந்தால் மாதவாரியாக எழுதி, கடையின் லெட்டர்ஹெட்டில் தேதியோடு மாமாவின் கையெழுத்து வாங்கு. அதை எடுத்துக்கொண்டு நீ படித்த காலேஜுக்குப் போ, டிப்ளமா மனு அவர்கள் வழியாகத்தான் உயர்கல்வித் துறைக்குப் போகும். செய்யாத வேலையை மட்டும் எழுதாதே, அவர்கள் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பொருந்தாது என்று சொல்லிவிட்டால், வேலைப் பயிற்சிப் பிரிவில் உன் பெயரைக் கொடு. நாட்டில் சீட்டா என்ற தொழில்வாரிப் பயிற்சி ஆணையங்கள் 21 இருக்கின்றன, உதவித்தொகையோடு பயிற்சி இடங்களுக்குப் பணம் கொடுப்பது அவர்கள்தான், கடை வியாபாரத்துக்கென்றே ஒன்று தனியாக இருக்கிறது. மாமாவின் கடையே அதில் பதிந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்.

யூனிவர்சிட்டிக்கு வழி இருக்கிறது, ஆனால் என்6 முடித்தால் நேரே இரண்டாம் வருடம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே. எந்தப் பாடத்தைக் கணக்கில் எடுப்பது என்று யூனிவர்சிட்டியின் அந்தந்தப் பாடத் துறைதான் முடிவு செய்யும். உன் மதிப்பெண் தாளோடு துறை அலுவலகத்துக்கே போய்க் கேள், பதிலை எழுத்தில் வாங்கு. குவாசுலு-நேட்டால் யூனிவர்சிட்டிகளுக்கு மனு மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போகிறது, முடிவுத் தேதியை இப்போதே பார்த்து வை. டிப்ளமா வரட்டும் என்று காத்திருக்காதே, இரண்டு வேலையையும் ஒன்றாகவே ஆரம்பி. மாமா கையெழுத்துப் போட்டதும் எனக்கு ஒரு வரி எழுது.