பணம் கட்டி இன்டர்ன்ஷிப் செய்யலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. எங்கள் வீட்டில் யாருக்கும் கம்பெனிகளில் ஆள் பழக்கம் கிடையாது. 4,500 ரூபாய் கட்டினால் ஒரு மாத இன்டர்ன்ஷிப் சான்றிதழ் தருவதாக ஒரு பயிற்சி மையம் சொல்கிறது. சேரலாமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: சேர வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்துவது பயிற்சி வகுப்பு. டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொள்ள அது உதவும் என்றால் வகுப்பு என்றே எண்ணிச் சேருங்கள். அதை இன்டர்ன்ஷிப் என்று ரெஸ்யூமில் எழுதாதீர்கள். நேர்முகத் தேர்வில் சான்றிதழை யாரும் அதிக நேரம் பார்ப்பதில்லை. "அங்கே என்ன வேலை செய்தீர்கள்?" என்ற கேள்விதான் வரும். காசு கொடுத்து வாங்கிய காகிதம் அங்கே கைகொடுக்காது.

இன்டர்ன்ஷாலா, லிங்க்ட்இன் போன்ற தளங்களில் பெயரைப் பதிவு செய்து வைப்பது நல்லது. ஆனால் அங்கே ஒரே இடத்துக்கு ஏராளமானோர் மோதுகிறார்கள். அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. உங்கள் மாவட்டத்திலேயே ராஜபாளையத்தில் நூற்பாலைகளும், சிவகாசியில் அச்சகங்களும், விருதுநகரில் எண்ணெய், பருப்பு வணிக நிறுவனங்களும் இருக்கின்றன. இவற்றில் பல, இன்டர்ன் தேவை என்று விளம்பரம் செய்வதில்லை. மார்ச் 31உடன் கணக்காண்டு முடிவதால், ஏப்ரல், மே மாதங்களில் கணக்குப் பிரிவில் வேலை குவிந்து கிடக்கும். உங்கள் விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. எனவே பிப்ரவரியிலேயே கடிதம் அனுப்பத் தொடங்குங்கள். கல்லூரியிலிருந்து தடையில்லாச் சான்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். "எனக்கு ஒரு வாய்ப்புத் தாருங்கள்" என்று மட்டும் எழுதினால், உங்களுக்கு என்ன வேலை தருவது என்று யோசிக்கும் சுமை அந்த மேலாளர் தலையில் விழுகிறது. "மே மாதம் நான்கு வாரங்கள் முழு நேரமும் வர இயலும். டேலியில் பதிவு செய்யத் தெரியும். கொள்முதல் பதிவேட்டை ஜி.எஸ்.டி. 2பி அறிக்கையுடன் ஒப்பிடும் பணியில் உதவ விரும்புகிறேன்" என்று எழுதிப் பாருங்கள். 2பி என்பது, சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து, வாங்கிய நிறுவனத்துக்கு ஜி.எஸ்.டி. தளம் தரும் பட்டியல். மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்யும் நிறுவனத்துக்கு இந்த ஒப்பீடு தவிர்க்க முடியாத வேலை. சரக்கு விற்றவர்கள் 11ஆம் தேதிக்குள் தங்கள் விற்பனை விவரத்தைத் தாக்கல் செய்கிறார்கள். 14ஆம் தேதி 2பி அறிக்கை தளத்தில் வந்துவிடும். 20ஆம் தேதிக்குள் 3பி என்னும் மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்து வரி கட்டியாக வேண்டும். இடைப்பட்ட சில நாட்களில், எந்தப் பில் நம் பதிவேட்டில் இருந்தும் 2பியில் இல்லை, எதில் எண் தவறியிருக்கிறது, எந்த வியாபாரி தாக்கலே செய்யவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். 2பியில் வராத பில்லுக்கு இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது என்பதால், இது நேரடியாகப் பணம் சம்பந்தப்பட்ட விஷயம். இந்த ஒரு சுற்றை முழுமையாகச் செய்து முடித்தவர், ஜி.எஸ்.டி. பற்றி எந்த நேர்முகத் தேர்விலும் தடுமாற மாட்டார்.

கேள்வி: சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இன்டர்னாகச் சேர்ந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. இதுவரை பயிற்சி வீடியோக்களைப் பார்க்க மட்டுமே சொல்கிறார்கள். வேலை எதுவும் தரவில்லை. என்ன செய்வது?
– வாசகர், திருச்சி

பதில்: உங்கள் ஏமாற்றம் நியாயமானது. ஆனாலும் பெரிய நிறுவனங்களில் இன்டர்னுக்குக் கணினி அனுமதிகள் கிடைக்கவே நாளாகும். உங்களை வழிநடத்தும் மென்டருக்கும் அவருடைய காலக்கெடு இருக்கும். "வேலை இல்லை" என்று முறையிடுவதைவிட, குறிப்பான ஒன்றைக் கேட்பது பலன் தரும். குழுவின் பழைய பிழைப் பதிவுகளைப் படிக்க அனுமதி கேளுங்கள். ஒரு சிறிய பிழையைச் சரிசெய்யவோ, ஒரு பகுதிக்குச் சோதனை எழுதவோ, புதிதாகச் சேருபவருக்கான குறிப்பைத் திருத்தவோ முன்வாருங்கள். வெள்ளிக்கிழமைதோறும் செய்தது, தடைப்பட்டது, அடுத்து செய்ய விரும்புவது ஆகியவற்றை ஐந்தாறு வரிகளில் மென்டருக்கு அனுப்புங்கள். பயிற்சி முடிவில் கல்லூரிக்கு அறிக்கை எழுதும்போது அதுவே கையில் இருக்கும்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. நிறுவனத்தின் நிரலையோ வாடிக்கையாளர் தரவையோ நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள உங்கள் சொந்தக் கணக்கில் ஏற்றாதீர்கள்; அனுமதியில்லாத ஏ.ஐ. செயலிகளிலும் ஒட்டாதீர்கள். சேரும்போது கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தம் இன்டர்னையும் கட்டுப்படுத்தும்.

கேள்வி: என் மகன் பி.ஏ. முடித்துவிட்டான். படிப்பு முடித்தவர்களுக்கும் இன்டர்ன்ஷிப் உண்டா?
– வாசகர், திருவாரூர்

பதில்: உண்டு. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம், முழு நேரப் படிப்பிலோ வேலையிலோ இல்லாத 21 முதல் 24 வயதினருக்காக, முன்னணி நிறுவனங்களில் 12 மாதப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய் என்ற வரையறையுடன் அறிமுகமானது. இப்போதைய விதிகளை அதன் அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் மகனுக்கு நான் முதலில் சொல்வது அப்ரன்டிஸ் (தொழிற்பழகுநர்) பயிற்சியைத்தான். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 2014இல் திருத்தப்பட்ட பிறகு, பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் இதில் சேரலாம். பட்டதாரிகளுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என 2019இல் நிர்ணயிக்கப்பட்டது. நிறுவனத்துடன் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் உண்டு என்பதால், கேட்பாரில்லாத நிலை ஏற்படாது. இதற்கான அரசுத் தளமான என்.ஏ.டி.எஸ். (தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம்) தளத்தில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. தென்மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஐயம் இருந்தால் அங்கேயே விசாரிக்கலாம்.