பம்பில் கை வைக்கும் முன்: விசைப்படகு எஞ்சின் கேள்வி பதில்

கேள்வி: 6 சிலிண்டர் பழைய டீசல் எஞ்சின். ஜூன் 14-இல் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போனதிலிருந்து ஒரே தொல்லை. துறைமுகத்துக்குள் நன்றாக ஓடுகிறது. வெளியே மடி (இழுவலை) இழுக்க ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் ரேஸ் இறங்கி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டு அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. டீசல் பம்பைக் கழற்றி சர்வீசுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். டீசல் பம்புக்குள் அழுத்தம் கொடுக்கும் தண்டான பிளஞ்சர் தேய்ந்திருந்தால் எஞ்சின் சூடாக இருக்கும்போதுதான் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும். உங்கள் எஞ்சின் சூட்டோடு சூடாகவே கிளம்பிவிடுகிறது. டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை உறிஞ்சி டீசல் பம்புக்குத் தள்ளும் சின்னப் பம்ப்) வரை உள்ள வழியில் எதுவோ அடைக்கிறது. எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் நின்று, அடைத்தது கீழே விழுந்துவிடுகிறது. துறைமுகத்துக்குள் டீசல் செலவு குறைவு, டேங்க்கும் குலுங்காது. அதனால் அங்கே தெரிவதில்லை.

முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. அடுத்த முறை ரேஸ் இறங்கும்போது டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய் எஞ்சின் தெளிந்தால், டேங்க்குக்குக் காற்று போகும் ஏர் வென்ட் குழாய் அடைத்திருக்கிறது. தடைக்காலத்தில் படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போது வென்ட் வாயையும் சேர்த்துப் பூசிவிடுவது அடிக்கடி நடக்கிற கூத்து. குளவிக்கூடும் இருக்கலாம்.

அதில் தெளியவில்லை என்றால் கேன் சோதனை. 20 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் எடுத்து, எஞ்சினைவிட உயரத்தில் அசையாமல் கட்டுங்கள். கேனிலிருந்து புது ஹோஸ் ஒன்றை நேராக ஃபீட் பம்பின் இன்லெட்டில் மாட்டுங்கள். ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்குள் விடுங்கள். மறந்தால் கேன் சீக்கிரம் காலியாகி, தப்பான முடிவுக்கு வருவீர்கள். லோடு கொடுத்து அரை மணிக்கு மேல் ஓட்டுங்கள், கேனில் டீசல் இறங்குவதைக் கவனித்துக்கொண்டே. நிற்காமல் ஓடினால் பம்ப் நிரபராதி. டேங்க், உறிஞ்சு குழாய் முனையிலுள்ள வலை, காக் (திறந்து மூடும் வால்வு), ஹோஸ், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருந்தாலும் உள்படலம் உரிந்து, உறிஞ்சும்போது கதவுபோல மூடிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் அறுத்துப் பாருங்கள்.

கேனிலும் நின்றால் ஃபீட் பம்புக்கு வாருங்கள். சில மாடல்களில் இன்லெட் போல்ட்டுக்குள் விரல்நுனி அளவு வலை ஒன்று இருக்கும். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அடுத்து இரண்டு ஃபில்டர்களையும் மாற்றுங்கள். பிறகு டீசல் பம்பின் பக்கவாட்டில் ரிட்டர்ன் குழாய் மாட்டியிருக்கும் போல்ட்டைப் பாருங்கள். அது வெறும் போல்ட் அல்ல. உள்ளே ஸ்பிரிங்கும் பந்தும் வைத்த ஓவர்ஃப்ளோ வால்வு. இந்த வகைப் பம்புகளுக்குள் சுமார் 1 முதல் 1.5 பார் அழுத்தத்தை அதுதான் பிடித்து வைக்கிறது. அது தொலைந்துபோய் யாராவது சாதாரண பாஞ்ஜோ போல்ட்டை (உள்ளே துளை மட்டும் உள்ள போல்ட்) மாட்டியிருந்தால், வருகிற டீசலெல்லாம் டேங்க்குக்கே திரும்பும். லோடில் இழுவை இருக்காது. இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும் பம்பைக் கழற்றுங்கள்.

கேள்வி: தினமும் காலையில் ஹேண்ட் பிரைமரை (டீசலைக் கையால் ஏற்றும் பம்ப்) ஐம்பது தடவையாவது அடித்தால்தான் எஞ்சின் எடுக்கிறது. குழாய் முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டோம், எங்கும் டீசல் கசிவு இல்லை.
- வாசகர், ராமேஸ்வரம்

பதில்: கசிவைத் தேடிய இடம்தான் தப்பு. ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள குழாயில் அழுத்தம் கிடையாது, உறிஞ்சல்தான். டேங்க் தாழ்வாக இருந்தால், அங்கே ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். இரவில் அந்தக் காற்று ஏற ஏற, டீசல் டேங்க்குக்கு இறங்கிவிடும்.

ஃபீட் பம்ப் இன்லெட்டில் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடி ஹோஸ் (உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ்) மாட்டி எஞ்சினை ஓட்டுங்கள். குமிழ் வந்தால், டேங்க் பக்கமிருந்து ஒவ்வொரு மூட்டாகப் பிரித்து மாட்டி வாருங்கள். பெரும்பாலும் செப்பு வாஷர்தான். பழைய வாஷரையே போட வேண்டிய கட்டாயம் என்றால், சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மிருதுவாகிவிடும். டெஃப்லான் டேப் மட்டும் சுற்றாதீர்கள். பிய்ந்த துணுக்கு பம்புக்குள் போய் உட்காரும். சோதனை முடிந்ததும் கண்ணாடி ஹோஸைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் சூட்டில் அது இளகும், தீப்பிடிக்கவும் வழியாகும்.

குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும், அதாவது ஏர் எடுக்கும் வரிசை: முதலில் ஃபில்டர் ஸ்க்ரூ, பிறகு பம்ப் ஸ்க்ரூ, கடைசியாக நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் பாகம்) நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி ஸ்டார்ட்டர். ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள். சைலன்சருக்குள் கடல்நீர் கலந்து வெளியேறும் அமைப்பாக இருந்தால், சுற்றும்போது கடல்நீர் காக்கை மூடி வையுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறும். எஞ்சின் எடுத்த கணமே காக்கைத் திறக்க ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். கழற்றிய நாசில் பீச்சுவதைக் கையால் தொட்டுப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் போனால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: ஃபில்டரில் கருப்பாக, கூழ்போல வழவழவென்று வருகிறது. மாற்றிய மூன்றாம் நாளே மறுபடி அடைக்கிறது.
- வாசகர், தூத்துக்குடி

பதில்: டேங்க் அடியில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீரும் டீசலும் சேருமிடத்தில் வளரும் கிருமியும் பூஞ்சையும்தான் அந்தக் கூழ். பாதி டேங்க்கோடு படகு வாரக்கணக்கில் நின்றால், இரவுக் குளிரில் காலி இடத்துச் சுவரில் ஈரம் வியர்த்து இறங்கும். டேங்க் அடியிலுள்ள டிரெயின் காக்கைத் திறந்து ஒரு லிட்டரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகக் கோடு பிரிந்து நிற்கும்.

கிருமியைக் கொல்லும் மருந்து மட்டும் ஊற்றினால் செத்த கூழ் மொத்தமாக ஃபில்டருக்கு வரும். டேங்க்கைக் காலி செய்து, மேன்ஹோலைத் திறந்து, நூல் உதிராத துணியால் துடைத்தெடுங்கள். காட்டன் வேஸ்ட் வேண்டாம். சுத்தம் செய்த பிறகும் முதல் சில நடைகளுக்கு இரண்டு செட் ஃபில்டர் கையில் இருக்கட்டும். டேங்க் ஜி.ஐ. தகட்டில் செய்ததா? அப்படியானால் துத்தநாகப் பூச்சு டீசலில் கரைந்து சோப்பு மாதிரிப் படியும். எத்தனை துடைத்தாலும் திரும்ப வரும், டேங்க்கையே மாற்றுங்கள்.

கேள்வி: கரும்புகை அடிக்கிறது, இழுவை இல்லை. டீசல் போதவில்லையா?
- வாசகர், கடலூர்

பதில்: இல்லை. டீசல் போகிறது, எரியக் காற்றுதான் போதவில்லை. அல்லது நாசில் ஒழுகுகிறது. ஏர் ஃபில்டரையும், புரொப்பெல்லரில் கயிறு சுற்றி லோடு ஏற்றுகிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறுகிறது.
- வாசகர், காசிமேடு

பதில்: முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் எஞ்சினை ஓட்டாதீர்கள். டயாஃப்ரம் வகை ஃபீட் பம்ப் என்றால் டயாஃப்ரம் (ரப்பர் படலம்) கிழிந்து டீசல் சம்ப்புக்கு (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்குகிறது. பிஸ்டன் வகை என்றால் அதன் கம்பி தேய்ந்திருக்கும். பம்பைச் சரி செய்து, ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகே சாவியைத் திருப்புங்கள். நீர்த்த ஆயிலில் பேரிங் தாங்காது.