விளையாட்டுக் கேள்வி – பதில்: அந்தச் சாப்பாட்டுப் பொதியைத் தொடாதீர்கள்

சென்ற இதழில் யப்பானியக் கதை விளையாட்டுகளைப் பற்றி எழுதியபோது ‘க்ரோனோ ட்ரிகர்’ என்ற பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டன. ஆகவே இம்முறை முழுப் பக்கமும் அதற்கே. கதையின் பெரிய திருப்பங்களை உடைக்காமல் பதில் சொல்லியிருக்கிறோம். கடைசிக் கேள்வி மட்டும் விலக்கு. இன்னும் விளையாடாதவர்கள் அதை விட்டுவிடலாம்.

முப்பது வருசப் பழைய கேம். படம் கட்டம் கட்டமாய்க் கிடக்கு. இதில அப்பிடி என்ன இருக்கு?
— மாணவன், நல்லூர்

முதல் ஒரு மணித்தியாலத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். கதை கி.பி. 1000இல் ஒரு திருவிழாவில் தொடங்குகிறது. நல்லூர்க்காரருக்குத் திருவிழாச் சனத்தைப் பற்றி நாங்கள் விளக்கத் தேவையில்லை. நீங்கள் க்ரோனோ என்ற பொடியன். கூட்டத்தில் மார்ல் என்ற ஒரு பெண்பிள்ளையோடு மோதுகிறீர்கள். அவளுடைய பதக்கம் தெறித்து ஒரு பக்கம் விழுகிறது. பிறகு அவளும் உங்களோடு சேர்ந்து விழாவைச் சுற்றிப் பார்க்க வருகிறாள். ஒரு கடையில் இனிப்புத் தெரிவு செய்ய நெடுநேரம் நிற்கிறாள். வேறோர் இடத்தில் ஒரு கிழவரின் சாப்பாட்டுப் பொதி கேட்பாரற்று இருக்கிறது. ஒரு சிறுமி தன் பூனையைத் தொலைத்துவிட்டு நிற்கிறாள்.

இந்த வகை விளையாட்டுகளில் கண்ணில் படுவதெல்லாம் நமக்குத்தான் என்று கை பழகிப்போயிருக்கும். பதக்கத்தை முதலில் எடுப்போம், பொதியைத் தின்போம், இனிப்புக் கடையில் பொறுமையில்லாமல் நடையைக் கட்டுவோம். விளையாட்டு ஒரு வார்த்தை சொல்லாது. புள்ளி குறையாது, எச்சரிக்கை வராது.

கொஞ்ச நேரம் கழித்து, கதை வேறெங்கோ போய்த் திரும்பி வந்த பிறகு, உங்களை நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். அங்கே சாட்சிக்கு வருவது யார் தெரியுமா? அந்தக் கிழவர். “என்ரை சாப்பாட்டைத் தின்டவன் இவன்தான்” என்கிற கணக்கில் கைகாட்டுவார். பூனையைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அந்தச் சிறுமி உங்கள் பக்கம் பேசுவாள். விழுந்தவளைக் கவனிக்காமல் பதக்கத்தை எடுத்தீர்களா என்பதும் கேள்வியாக வரும். ஏழு ஜூரிகள் ஒவ்வொருவராகத் தீர்ப்புச் சொல்வார்கள்.

தீர்ப்பு எதுவானாலும் சிறைக்குத்தான் போகவேண்டும். அதை இப்போதே சொல்லிவிடலாம், பெரிய இரகசியமில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு இதை விளையாடும் விதமே மாறிவிடும். யாரோடும் அவசரமாகக் கதைக்க மாட்டீர்கள். கி.பி. 600இல் செய்த ஒரு உதவி 1000இல் என்னவாக நிற்கிறது என்று ஓடிப்போய்ப் பார்ப்பீர்கள். காலப் பயணக் கதைகள் ஏராளம். இதில், மாறிப்போன காலத்துக்கு நடந்துபோய்ப் பார்ப்பது உங்கள் கால்கள். கட்டம் கட்டமான படம் இரண்டாம் மணித்தியாலத்தில் கண்ணை விட்டு மறைந்துவிடும்.

ஆர் செய்தது? ஏன் எங்கட ஊரில ஒருத்தருக்கும் தெரியேல்லை?
— வாசகர், சுன்னாகம்

ஸ்குவெயர் நிறுவனம், சூப்பர் ஃபமிகொம் (வெளிநாடுகளில் சூப்பர் நின்டெண்டோ) இயந்திரத்துக்காக 1995 மார்ச் 11இல் யப்பானில் வெளியிட்டது. ‘ஃபைனல் ஃபன்டசி’யின் ஹிரொனோபு சகாகுச்சி, ‘டிராகன் குவெஸ்ட்’டின் யூஜி ஹொரி, ‘டிராகன் போல்’ வரைந்த அகிரா டொரியாமா மூவரும் ஒரே மேசையில் இருந்த வேலை. முதலிரண்டும் அங்கே போட்டித் தொடர்கள் என்பதை நினைத்தால் அதன் பெறுமதி விளங்கும்.

ஊரில் தெரியாததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 1995இல் இங்கே யாழ்ப்பாணத்தில் போரினால் மின்சாரமே இல்லை. அந்த ஆண்டு ஐப்பசியில்தான் சனம் சாமானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சாவகச்சேரிப் பக்கம் நடந்தது.

லண்டனில இருக்கிற மாமா பழைய கசெட் வாங்கித் தாறன் எண்டுறார். கனடாவில பெரியம்மாவும் கேட்டவ. எதை வாங்கிறது?
— வாசகர், சாவகச்சேரி

லண்டன் மாமாவைத் தேட விடாதீர்கள். சூப்பர் நின்டெண்டோவுக்கான இந்த விளையாட்டு ஐரோப்பாவில் விற்பனைக்கு வரவே இல்லை. அங்கே முதன்முதலாக வந்தது நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க இயந்திரத்துக்கான பதிப்பு, அதுவும் 2009இல்.

கனடாவில் பழைய கசெட் கிடைக்கும். ஆனால் மூன்று சிக்கல்கள் உண்டு. ஒன்று, வட அமெரிக்கக் கசெட் ஐரோப்பிய இயந்திரத்தில் பொருந்தாது; இயந்திரமும் அங்கிருந்தே வரவேண்டும். இரண்டு, அந்த இயந்திரத்தின் அடப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் நேரே செருகினால் அடப்டர் கருகும், சிலவேளை இயந்திரமும் சேர்ந்து போகும். வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் கட்டாயம். மூன்றாவதைத்தான் அதிகம் பேர் யோசிப்பதில்லை: சேவ் செய்த விளையாட்டைக் கசெட்டுக்குள் இருக்கும் சிஆர்2032 பட்டன் பற்றரிதான் காத்து வைத்திருக்கிறது. அது முப்பது வயதுப் பற்றரி. இன்று சேவ் செய்து, நாளை போட்டுப் பார்த்தால் வெறுமையாக இருக்கலாம். மாற்றலாம், ஆனால் பற்றரி தகட்டோடு ஒட்டுவைத்திருப்பதால் சோல்டரிங் வேலை. வானொலி திருத்துபவரிடம் கொடுத்தால் செய்வார். ஒட்டுவைப்பதற்கான சிறு தகடுகள் உள்ள பற்றரியாகப் பார்த்து வாங்குங்கள். மாற்றும்போது பழைய சேவ் அழியும்.

பெரியம்மா அனுப்புவதானால் டிஎஸ் பதிப்பைக் கேளுங்கள். டிஎஸ் கசெட்டுக்கு நாடு பேதமில்லை, எந்த டிஎஸ்ஸிலும் ஓடும். பிளேஸ்டேஷன் பதிப்பு (1999) வேண்டாம். டொரியாமா பாணிக் கார்ட்டூன் காட்சிகள் சேர்த்தது நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு சண்டைக்கும் மெனுவுக்கும் தட்டு சுழன்று காக்கவைக்கும். இந்த விளையாட்டின் உயிரே வேகம்.

கையில் கணினி இருந்தால் ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்கும் பதிப்பே சுலபம். 2018 பெப்ரவரியில் அது வந்தபோது படங்கள் மெழுகு பூசியதுபோல இருந்தன, திட்டு வாங்கியது. பிறகு வந்த திருத்தங்களில் சரிசெய்துவிட்டார்கள். வாங்கியதும் அமைப்புகளுக்குள் போய்ப் படத்தை ‘ஒரிஜினல்’ என்று மாற்றுங்கள். ஆண்ட்ரொய்டிலும் உண்டு; தொடுதிரையில் நடப்பது கொஞ்சம் வழுக்கும், வேறு குறையில்லை. டிஎஸ்ஸிலும் அதற்குப் பின்வந்த இந்தப் பதிப்புகளிலும் ‘லொஸ்ட் சாங்டம்’ என்று ஒரு சேர்க்கை இருக்கிறது: ஒரே மலையில் ஏறி இறங்கி ஏறும் வேலை. தாண்டிப் போங்கள், கதைக்கு ஒரு நட்டமும் இல்லை.

மகன் இந்த வருசம் ஓ/எல். “சேவ் பண்ணாமல் எழும்ப ஏலாதம்மா” எண்டு சொல்லி அரை மணித்தியாலம் இருக்கிறார். உண்மையோ, சுத்துமாத்தோ?
— ஒரு தாய், கோண்டாவில்

பாதி உண்மை, அம்மா. திரையைப் பாருங்கள். பொடியன் பெரிய வரைபடத்தில், மலையும் கடலும் சின்னதாகத் தெரியும் இடத்தில் நடந்துகொண்டிருந்தால் எந்த நொடியிலும் சேவ் செய்யலாம், உடனே எழுப்பலாம். குகை, கோட்டை போன்ற இடத்துக்குள் இருந்தால், மினுங்கும் ஒரு புள்ளியில் போய் நின்றால்தான் சேவ் ஆகும். அதற்குப் பத்து நிமிடம் கொடுங்கள். அரை மணித்தியாலம் என்பது சுத்துமாத்து. கணினியிலும் கைத்தொலைபேசியிலும் தானாகவே சேவ் ஆகும் வசதி வேறு உண்டு. கரண்ட் போனாலும் கொஞ்சத் தூரம்தான் பின்னால் போகும்.

முழுக்கதைக்கும் 20 முதல் 25 மணித்தியாலம் போதும். இந்த வகையில் இது குறைவு. 60, 80 மணித்தியாலம் இழுப்பவை உண்டு. நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். பரீட்சை முடிந்த பிறகு தொடங்கச் சொல்வதுதான் எங்கள் புத்தி.

எனக்கு இங்கிலிஷ் மட்டுமட்டு. கதை விளங்குமோ?
— வாசகி, பருத்தித்துறை

விளங்கும். குரல் கிடையாது, எல்லாம் எழுத்து. பெரும்பாலான இடங்களில் நீங்கள் பொத்தான் அழுத்தும்வரை வசனம் நிற்கும். வசனங்களும் குட்டைக் குட்டையானவை. ஒரேயொரு கரைச்சல் ஃப்ரொக் என்ற தவளை வீரன். பழைய ஆங்கிலப் பதிப்பில் அவன் பைபிள் கால ஆங்கிலம் பேசுவான். யப்பானிய மூலத்தில் அப்படி இல்லை. 1995இல் மொழிபெயர்த்த டெட் வூல்சி பூசிய சாயம் அது. டிஎஸ் பதிப்புக்குப் புதிதாக மொழிபெயர்த்தபோது அவனைச் சாதாரணமாகப் பேச வைத்துவிட்டார்கள். கணினியிலும் போனிலும் இருப்பது இந்தப் புதிய மொழிபெயர்ப்புத்தான். பழைய ஃப்ரொக்கே எங்களுக்குப் பிடித்தவன் என்பது வேறு கதை.

ஹெக்ரனிட்ட நாலு தரம் செத்துப்போனன். லெவல் ஏத்த வேணுமோ?
— வாசகர், மானிப்பாய்

தேவையில்லை. உங்கள் பிழை லெவலில் இல்லை, கையின் அவசரத்தில். ஹெக்ரன் என்ற அந்த மிருகத்தின் தோல் வாளுக்குச் சரிவராது, மந்திரத்தால் அடியுங்கள். இடையில் “வா, அடித்துப் பார்” என்ற கருத்தில் அவன் ஒரு வசனம் சொல்வான். அதற்குப் பிறகு நீங்கள் தரும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பெரிய அலையைத் திருப்பி அனுப்புவான். அந்த வசனம் வந்ததும் கையை எடுங்கள், காயத்தை ஆற்றுங்கள், அவன் நிலை மாறும்வரை பொறுங்கள். நான்கு தரமும் நீங்கள் செத்தது அந்த அலையில்தான் என்று பந்தயம் கட்டலாம்.

அமைப்பில் சண்டை முறையை ‘வெயிட்’ என்று வையுங்கள். ‘டெக்’ எனும் சிறப்பு அடிகளின் பட்டியலையோ பொருள் பட்டியலையோ திறந்திருக்கும்போது நேரம் நிற்கும். ‘அக்டிவ்’ என்றால் நீங்கள் யோசிக்கும்போதும் எதிரி அடிப்பான்.

இதே புத்தி மற்ற இடங்களுக்கும் பொருந்தும். டிராகன் டாங்க் என்ற இயந்திரம் தன்னைத் தானே ஆற்றிக்கொள்கிறதா? தலையை முதலில் உடையுங்கள், ஆற்றுவது அதுதான். நிஸ்பெல் என்ற மிருகத்துக்கு அடி ஏறவில்லையா? மின்னல் மந்திரம் ஒன்றை இறக்கினால் தோல் இளகும். சேர்த்த மின்சாரத்தைப் பிறகு உங்கள் மீது கொட்டும், அதற்கு முன் உயிரை நிரப்பி வையுங்கள். இருவர் சேர்ந்து செய்யும் அடிகளையும் மறக்காதீர்கள். க்ரோனோவின் ‘சைக்ளோனு’ம் மார்லின் ‘ஓரா’வும் சேர்ந்தால் மூவரின் காயமும் ஒரே தரத்தில் ஆறும். தொடக்கத்தில் அதைவிடப் பெறுமதியான ஒன்று கிடையாது. இருவரின் நேரப் பட்டையும் நிறைந்திருந்தால்தான் பட்டியலில் வரும். ஒருவரை உடனே அடிக்க விட்டால் கிடைக்காது.

கறுப்புப் பெட்டிகள் திறக்குது, ஆனால் 1000ஆம் ஆண்டில போய்ப் பாத்தால் வெறுமை. ஏன்?
— வாசகர், காரைநகர்

600இல் எடுத்துவிட்டீர்கள், நானூறு வருடம் கழித்து எப்படி இருக்கும்? 600இல் பெட்டியைத் தொட்டால் பதக்கம் அதிரும், எடுக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த அதிர்வில் பொருள் காலப்போக்கில் மேம்படும். 1000க்குப் போய் மேம்பட்டதை எடுங்கள். பிறகு 600க்குத் திரும்பிப் பழையதையும் எடுங்கள். ஒரு பெட்டிக்கு இரண்டு பொருள். தர்க்கம் இடிக்கிறது என்று எழுதாதீர்கள், எங்களுக்கும் தெரியும்.

எத்தனை முடிவு?
— வாசகர், கொக்குவில்

டிஎஸ்ஸிலும் அதன்பின் வந்தவற்றிலும் 13. முதல் தரம் நேர்வழியில் முடியுங்கள். பிறகு ‘நியூ கேம் பிளஸ்’ திறக்கும்; கதை முதலிலிருந்து தொடங்கும். பலமும் ஆயுதங்களும் கூடவே வரும். அதில் திருவிழாவிலேயே, ஆளை இடம் மாற்றும் வலப்பக்க டெலிபொட் இயந்திரத்தில் மினுங்கும் ஒளியைத் தொட்டால் கடைசி எதிரியிடம் நேரே போகலாம். எந்தக் கட்டத்தில் அவனை முடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

வயலின் படிக்கிறன். பாட்டுக்காகவே கேக்கலாம் எண்டு ஒரு அக்கா சொன்னவ.
— வாசகி, உரும்பிராய்

அக்கா சரி. இசையமைத்த யசுனோரி மிட்சுடாவுக்கு அப்போது 23 வயது. வேலையின் கனத்தில் வயிற்றுப்புண் வந்து படுக்க, மிச்சத்தை இன்னோர் இசையமைப்பாளர் நொபுஓ உவேமட்சு முடித்துக் கொடுத்தார். இயந்திரத்தில் ஒரே நேரத்தில் எட்டு ஒலிகள்தான், ஒலிக்கான நினைவகம் 64 கிலோபைட். கி.மு. 12,000இல் வரும் மெட்டைத் தேடிக் கேளுங்கள். சித்தார் போன்ற ஒன்று மேலே மிதக்கும். 600ஆம் ஆண்டு வரைபடத்தில் வருவதை வயலினில் வாசித்துப் பாருங்கள், கைக்கு அடங்கும்.

லூக்காவின் அம்மாவைக் காப்பாத்த ஏலாமல் போச்சு. இயந்திரம் ஏதோ சொல் கேக்குது, அதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுது.
— வாசகர், அச்சுவேலி

க்ரோனோவின் தோழி லூக்காவின் அம்மா வரும் அந்த இரவுக் காட்சி, 1000ஆம் ஆண்டில் ஆலயத்துக்குள் போய் ரோபோ என்ற இயந்திரத் தோழனை மீட்டதும் தானாகத் தொடங்கிவிடும். ஆகவே ஆலயத்துக்குள் நுழையுமுன் வரைபடத்தில் தனி இடத்தில் ஒரு சேவ் வையுங்கள். தவறினாலும் கதை நிற்காது; அம்மா எழுந்து நடக்கமாட்டார், அவ்வளவுதான். அந்த வீட்டில் லூக்காவின் அப்பா எழுதி வைத்திருக்கும் குறிப்பைத் தேடி வாசியுங்கள், மனைவியின் பெயர் அதில் இருக்கிறது. லாரா. பழைய இயந்திரத்திலும் டிஎஸ்ஸிலும் கொன்ட்ரோலரில் உள்ள பொத்தான்களே எழுத்துகள். எல், ஏ, ஆர், ஏ.