புரொபோஸ்டிலிருந்து அப்டேட்ஸுக்கு: உபுண்டு நிலைப்பதிப்பில் திருத்தங்களைச் சோதிப்பது, ஒப்புவது – கேள்வி பதில்

இன்றைய எல்லை: உபுண்டு 24.04 (நோபிள்), தேவைப்பட்டால் 22.04 (ஜாமி). வெளியாகிவிட்ட பதிப்பில் ஒரு வழுத்திருத்தம் எப்படி உள்ளே வருகிறது, யார் சோதிக்கிறார்கள், எஸ்ஆர்யு குழு (நிலைப்பதிப்புக்கான அப்டேட்களை ஒப்பும் குழு) எதைப் பார்த்து ஒப்புகிறது என்பவற்றைக் கேட்கலாம். திருத்தம் முதலில் 'புரொபோஸ்டு' என்ற சோதனைக் களஞ்சியத்துக்கு வரும், ஒப்பியபின் எல்லோருக்கும் போகும் 'அப்டேட்ஸ்' களஞ்சியத்துக்கு நகரும். கர்னலுக்குத் தனிச் சுழற்சி உண்டு, ஸ்னாப்புக்கு (உபுண்டுவின் இன்னொரு பொதி வடிவம்) பாதையே வேறு. அவை இங்கே வேண்டாம்.

கே: எனக்கு நிரல் எழுதத் தெரியாது சார். சோதனையில் நான் ஏதாவது செய்ய முடியுமா?

தாராளமாக. ஆள் பற்றாக்குறை இருப்பதே அங்கேதான். திருத்தம் புரொபோஸ்டு களஞ்சியத்துக்குள் வந்ததும் உபுண்டுவின் வழுப்பதிவுத் தளமான லாஞ்ச்பேடில் அந்த வழுவின் மேல் 'வெரிஃபிகேஷன்-நீடட்-நோபிள்' என்று ஒரு குறிச்சொல் விழும். யாராவது சோதித்து அதை 'வெரிஃபிகேஷன்-டன்-நோபிள்' என்று மாற்றும்வரை அந்தப் பொதி (மென்பொருள் பேக்கேஜ்) நகராது. 90 நாள் தாண்டினால் எச்சரிக்கை வரும். அதற்குப் பின் 15 நாளிலும் யாரும் சோதிக்கவில்லை என்றால் களஞ்சியத்திலிருந்தே எடுத்துவிடுவார்கள். நல்ல திருத்தங்கள் பல இப்படிச் சோதிக்க ஆளில்லாமல் போயிருக்கின்றன.

முதலில் ஒரு மெய்நிகர் கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்எக்ஸ்டி, விர்ச்சுவல்பாக்ஸ் எதுவானாலும் சரி. அதில் 24.04 நிறுவி, வழக்கமான அப்டேட்களை எல்லாம் போட்டு, ஸ்னாப்ஷாட் (பின்னால் திரும்பிவர அப்போதைய நிலையின் பதிவு) எடுத்துவிடுங்கள். அடுத்த படியைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள்: பழைய பதிப்பில் வழுவை வரவழைக்க வேண்டும். வழுப் பக்கத்தில் சோதனைத் திட்டம் எழுதியிருப்பார்கள். அதை அப்படியே செய்து, கோளாறைக் கண்ணால் பாருங்கள். பழையதில் வராத வழு புதியதில் வராவிட்டால் அதிலிருந்து எதுவும் தெரியாது.

பிறகு 'உபுண்டு.சோர்சஸ்' கோப்பில் 'சூட்ஸ்' வரியின் கடைசியில் நோபிள்-புரொபோஸ்டு என்று சேர்த்து, பட்டியலைப் புதுப்பியுங்கள். நிறுவும்போது பொதியின் பெயர், ஒரு சாய்கோடு, நோபிள்-புரொபோஸ்டு என்று கொடுங்கள். குறிச்சொல் விழுந்தது ஒரு மூலப்பொதிக்கு. அதிலிருந்து பிறக்கும் பொதிகள் பல. சிஸ்டம்டி என்றால் லிப்சிஸ்டம்டி, யுடெவ் என்று நீளும். உங்கள் கணினியில் இருக்கும் அத்தனையையும் ஒரே பதிப்பெண்ணுக்கு ஏற்றுங்கள். ஏறிவிட்டதா என்பதை, பொதிகளை நிறுவும் ஆப்ட் கருவியின் 'ஆப்ட்-கேஷ் பாலிசி' கட்டளை காட்டும். நூலகப் பொதி என்றால் அதைப் பயன்படுத்தும் சேவையை மறுதொடக்கம் செய்யாமல் சோதிக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகத்தில் பழைய நூலகமே இருக்கும். நீங்கள் பழையதையே சோதித்துவிட்டு 'சரியாகவில்லை' என்று எழுதுவீர்கள்.

கடைசியாக, வழுப் பக்கத்தில் எழுதுவது. 'சோதித்தேன், வேலை செய்கிறது' என்பதை எஸ்ஆர்யு குழு ஏற்காது. எந்தப் பதிப்பெண், எந்தச் சூழல், பழையதில் என்ன ஆனது, புதியதில் என்ன ஆனது: இந்த நான்கும் வேண்டும். நோபிளில் சோதித்தால் நோபிளின் குறிச்சொல்லை மட்டும் மாற்றுங்கள், ஜாமியினுடையதைத் தொடாதீர்கள். சரியாகவில்லை என்றால் 'வெரிஃபிகேஷன்-ஃபெயில்டு-நோபிள்'. வேறு ஏதோ புதிதாக உடைந்திருந்தால் தனி வழுவாகப் பதிந்து 'ரெக்ரெஷன்-புரொபோஸ்டு' என்று குறியிடுங்கள்.

தமிழ் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். தட்டச்சுக்கான ஐபஸ், எம்17என், எழுத்துகளை வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ், லோஹித் எழுத்துரு என்று எது புரொபோஸ்டுக்கு வந்தாலும் தமிழ்99 தட்டிப் பாருங்கள். கொ, கௌ, க்ஷ, ஸ்ரீ சரியாக வருகிறதா, 'கெ'யின் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறதா, பின்னழிப்பு விசை ஒரு தட்டில் எவ்வளவு அழிக்கிறது என்று கவனியுங்கள். தானியங்கிச் சோதனை இதையெல்லாம் கண்ணால் பார்க்காது.

கே: மெய்நிகர் கணினி எதற்கு? என் மடிக்கணினியிலேயே புரொபோஸ்டைத் திறந்தால் என்ன?

வேலைக்குப் பயன்படும் கணினியில் திறக்காதீர்கள். 22.04-இல் முன்னுரிமை எண்ணை (எந்தக் களஞ்சியத்திலிருந்து எடுப்பது என்று ஆப்ட் முடிவு செய்யும் எண்) குறைக்காமல் திறந்துவிட்டு அப்கிரேடு போட்டால், அன்றைக்குப் புரொபோஸ்டில் கிடக்கும் அத்தனையும் வந்து இறங்கும். 24.04-இல் அந்த முன்னுரிமை 100 என்றே வருவதால் தானாக இறங்காது. ஆனால் ஒரு பொதியை அங்கிருந்து எடுத்துவிட்டால், அதன் அடுத்தடுத்த புரொபோஸ்டு பதிப்புகள் தாமாகவே வரத் தொடங்கும். சோதனையில் தோற்றுப் பொதியை நீக்கினாலும் உங்களிடம் இருப்பது அப்படியே தங்கும். பதிப்பைக் கீழே இறக்குவதற்கு முறையான ஆதரவு கிடையாது. அதனால்தான் ஸ்னாப்ஷாட் எடுக்கச் சொன்னேன்.

கே: அப்கிரேடு போட்டால் 'கெப்ட் பேக்' என்று நாலைந்து பொதிகளை நிறுத்திவைக்கிறது. என் கணினி கெட்டுவிட்டதா?

இல்லை. ஒப்புதல் பெற்ற அப்டேட் முதலில் 10 சதவீதக் கணினிகளுக்குப் போகும். பிறகு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூடும், 54 மணி நேரத்தில் எல்லோருக்கும் போய்ச்சேரும். இடையில் செயலிழப்பு அறிக்கைகள் கூடினால் படிநிலை நின்றுவிடும். உங்கள் முறை இன்னும் வரவில்லை, அவ்வளவே. 'ஆப்ட்-கேஷ் பாலிசி'யில் சதவீதம் தெரியும். பெயர் சொல்லி நிறுவி இழுக்காதீர்கள்: சார்பாக வந்த பொதி 'கையால் நிறுவியது' என்று பதிவாகும், பின்னால் தேவையற்ற பொதிகளை நீக்கும் ஆட்டோரிமூவ் அதைத் தொடாது.

கே: வழு விவரத்தில் 'எங்கே சிக்கல் வரலாம்' என்ற பகுதியில் 'சிக்கல் வராது, சிறிய மாற்றம்' என்று எழுதினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறென்ன எழுதுவது?

அதை எழுதினால் யாருக்கும் ஒப்புதல் கிடைக்காது. அந்தப் பகுதிக்கு முன்பு 'பின்னடைவு வாய்ப்பு' என்று பெயர். எல்லோரும் 'குறைவு' என்று ஒரு சொல் எழுதிப் போனார்கள். இப்போதைய தலைப்பு அதற்கு இடம் தருவதில்லை. மாற்றம் தவறாக இருந்தால் அது எந்த உருவில் வெளிப்படும் என்று எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, அமைப்புக் கோப்பைப் படிக்கும் இடத்தில் கை வைத்திருந்தால்: 'மேற்கோள் குறி உள்ள மதிப்புகள், வெற்று வரிகள், பழைய பதிப்பு எழுதிய கோப்புகள் தவறாகப் படிக்கப்படலாம், சேவை தொடங்காமல் போவதே முதல் அறிகுறி.' இதை எழுதியதும் சோதனைத் திட்டத்தில் என்ன விடுபட்டிருக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

'தாக்கம்' பகுதியில் யாருக்கு, எப்போது வலிக்கிறது என்று சொல்லுங்கள். சோதனைத் திட்டத்தை, அந்தப் பொதியை முன்பின் பார்க்காதவர் கட்டளைகளை ஒட்டிச் செய்யும்படி எழுதுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால், வளர்ச்சிப் பதிப்பில் (இன்னும் வெளியாகாத அடுத்த உபுண்டுவில்) அந்த வழு திருத்தப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் 24.04-இல் சரியானது அடுத்த பதிப்புக்கு ஏறியதும் மறுபடி உடையும்.

கே: பதிப்பெண் எப்படி வைப்பது?

1.4-2உபுண்டு3 இருந்தால் 1.4-2உபுண்டு3.1. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனிலிருந்து மாற்றமின்றி வந்த 1.4-2 என்றால் 1.4-2உபுண்டு0.1. 22.04, 24.04 இரண்டிலும் பொதிக்கு ஒரே எண் இருந்தால் உபுண்டு0.22.04.1, உபுண்டு0.24.04.1 என்று பிரியுங்கள். பழைய பதிப்பின் எண் புதியதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 22.04-இலிருந்து ஏறுபவரிடம் பழைய பொதியே ஒட்டிக்கொள்ளும். ஐயம் வந்தால் பொதி மேலாண்மைக் கருவியான டிபிகேஜியின் பதிப்பு ஒப்பீட்டைக் கேளுங்கள், மனக்கணக்குப் போடாதீர்கள்.

கே: அண்ணா, எனக்கும் 'கெப்ட் பேக்' வருகிறது. இரண்டு நாளாக.

54 மணி நேரம். மேலே இருக்கிறது.

கே: ஒரு வரித் திருத்தம். வளர்ச்சிப் பதிப்பில் இரண்டு மாதமாக ஓடுகிறது. அதற்கும் புரொபோஸ்டில் 7 நாள் காத்திரு என்பது வெறும் சடங்கு.

ஒரு வரி என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 2006-இல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்கப் பொதியில், நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட் கருவி எச்சரித்ததென்று இரண்டு வரிகளை எடுத்தார்கள். விளைவாகச் சமவாய்ப்பு எண்ணாக்கிக்குக் கிடைத்தது செயல்முறை எண் மட்டும். ஒரு வகைக் கட்டமைப்புக்கு, ஒரு சாவி நீளத்துக்கு, 32,768 சாவிகளே சாத்தியம் என்றானது. 2008 மே 13-இல்தான் அறிவிப்பு வந்தது. உபுண்டுவும் மாட்டியது.

அதே கேட்பவர்: உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிரானது. அது நிலைப்பதிப்பு அப்டேட்டாக வரவில்லை, வளர்ச்சிப் பதிப்பில் நுழைந்தது. ஒன்றரை வருடத்துக்கு மேல் யாரும் பிடிக்கவில்லை. 7 நாள் மட்டும் பிடித்திருக்குமா?

பிடித்திருக்காது. ஆனால் நான் அதைச் சொன்னது மாற்றத்தின் அளவுக்கு. அளவைப் பார்த்து ஆபத்தை எடைபோட முடியாது என்பதில் மாற்றமில்லை. அந்த மாதிரி வழுவைக் காத்திருப்பு பிடிக்காது; 'எங்கே சிக்கல் வரலாம்' பகுதியை ஒழுங்காக எழுதி, இன்னொருவர் பேட்சை (திருத்தத்தின் நிரல்வரிகளை) படித்தால் பிடிக்க வாய்ப்புண்டு. 7 நாள் வேறு வேலைக்கு: உங்கள் சோதனைத் திட்டத்தில் இல்லாத வன்பொருளில், இல்லாத அமைப்பில், புரொபோஸ்டைத் திறந்துவைத்திருக்கும் சிலர் தடுக்கி விழுவதற்கு.

இடையில் மற்றொருவர்: கர்னல் வேண்டாம் என்றீர்கள், இருந்தாலும் கேட்கிறேன். 2023 டிசம்பரில் டெபியன் 12.3-ஐ ஏன் நிறுத்தினார்கள்?

கர்னல்தான், ஆனால் பொருத்தமான கர்னல். 6.1.64-இல் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையின் தரவைச் சிதைக்கும் வழு இருந்தது. 12.3 வெளியாகாமலே நின்றது. டிசம்பர் 10-இல் 6.1.66 கர்னலோடு 12.4 என்று விட்டார்கள். காரணத்தைக் கவனியுங்கள். அந்தப் பேட்ச் முதன்மைக் கிளையில் சரியாகவே வேலை செய்தது. 6.1-க்கு இறக்கியபோது அது நம்பியிருந்த முந்தைய மாற்றம் ஒன்று உடன் வரவில்லை. 'வளர்ச்சிப் பதிப்பில் இரண்டு மாதம் ஓடியது' என்பவருக்கு இதுவே பதில். அங்கே ஓடியது வேறு அடித்தளத்தின் மேல்.

7 நாளைப் பற்றிக் கேட்டவர்: அதுவும் பல கண்களைத் தாண்டித்தானே வந்தது? அப்படியானால் 7 என்ன, 14 என்ன?

14 நல்லதுதான், ஆனால் அவ்வளவு நாள் வழுவோடு இருப்பவர்களுக்கும் வலி இருக்கிறது. 7 என்பது இடையில் பிடித்த ஓர் எண், அறிவியல் விதி என்று யாரும் சொல்லவில்லை. போன அப்டேட் உடைத்ததைச் சரிசெய்ய வரும் அப்டேட்டுக்கு எஸ்ஆர்யு குழுவே அதைக் குறைத்துவிடும். அதற்கு மேல் தப்புவதைப் பிடிக்கத்தான் 10 சதவீதப் படிநிலை. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் கோப்பு ஒரே வீச்சில் எல்லோருக்கும் போனது. மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. படிநிலை இருந்திருந்தால் சேதம் ஒரு பங்கோடு நின்றிருக்கும். இந்த விவாதத்தை இத்தோடு விடுவோம், வரிசையில் ஆள் நிற்கிறார்கள்.

கே: என் சேவையகங்கள் 40. படிநிலையால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பதிப்பு. சகிக்க முடியவில்லை.

நியாயமான குறை. மூலப்பொதியின் பெயர், பதிப்பெண், கணினியின் மெஷின்-ஐடி (ஒவ்வொரு கணினிக்கும் உள்ள தனி அடையாள எண்) ஆகிய மூன்றையும் வைத்தே முறை தீர்மானமாகிறது. ஆப்ட் அமைப்பில் 'ஆப்ட்::மெஷின்-ஐடி' என்பதற்கு 40-இலும் ஒரே மதிப்பைக் கொடுத்தால் எல்லாம் ஒன்றாக நகரும். சோதனைக் கணினிகள் இரண்டில் படிநிலை அப்டேட்களை எப்போதும் ஏற்கும் அமைப்பை ஆன் செய்து, மற்றவற்றில் எப்போதும் ஏற்காததை ஆன் செய்வது இன்னும் நல்லது. இரண்டுமே ஆப்டில் இருக்கின்றன. எட்சி அடைவிலுள்ள மெஷின்-ஐடி கோப்பையே நகலெடுத்துப் போடாதீர்கள். ஒரே ஐடி இருந்தால், முகவரி வழங்கும் டிஹெச்சிபியில் ஒரே ஐபி முகவரிக்கு இரண்டு கணினிகள் மோதும்.

கே: பாதுகாப்புத் திருத்தமும் இப்படித்தான் காத்திருக்குமா?

இல்லை. அது பாதுகாப்புக் குழுவின் பாதை. 7 நாளும் இல்லை, படிநிலையும் இல்லை.

கே: 24.04-க்கு லிப்ரெஆஃபிஸின் புதுப் பெரும்பதிப்பை ஏன் தருவதில்லை?

நிலைப்பதிப்பு என்றால் மாறாதது. புதிய வசதி வேண்டுவோர் ஸ்னாப்புக்கோ ஃபிளாட்பேக்குக்கோ போகலாம்.

கே: என் பொதி நன்றாக இருக்கிறது, ஆனால் வேறு யாருடைய பொதியின் ஆட்டோபிகேஜிடெஸ்ட்டோ (தானியங்கிச் சோதனை) சிவப்பாகி என்னைத் தடுக்கிறது.

உங்கள் பொதியை நம்பியிருக்கும் பொதிகளின் சோதனைகளும் ஓடும், அதுதான் நோக்கம். பதிவேட்டைத் திறந்து கடைசி 200 வரியையாவது படியுங்கள். வலையிணைப்பு, நேரமுடிவு போன்றவற்றால் தோற்றிருந்தால் பதிவேற்ற உரிமை உள்ளவரிடம் மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே உடைந்த சோதனை என்று நினைத்தால் 'மைக்ரேஷன்-ரெஃபரன்ஸ்/0' தூண்டலோடு ஓட்டச் சொல்லுங்கள். உங்கள் பொதி இல்லாமலே தோற்றால் பழி உங்கள் மேல் விழாது. மூன்று முறை ஓட்டி ஒருமுறை பச்சையானதும் கொண்டாடுவது பிழை. போட்டிநிலை வழுக்கள் (எது முந்துகிறது என்பதைப் பொறுத்துச் சிலமுறை மட்டும் வருபவை) அப்படித்தான் ஒளிந்திருக்கும்.

கே: 'கெப்ட் பேக்'...

மூன்றாவது முறை. மேலே.

கே: புரொபோஸ்டை ஆன் செய்தால் அந்த நிறுத்திவைத்த பொதி உடனே வந்துவிடுமாமே?

யார் சொன்னது? வேலைக்குப் பயன்படும் கணினியில் திறக்காதீர்கள்.

கே: சோதித்து 'டன்' போட்டு மூன்று வாரம். இன்னும் அப்டேட்ஸுக்கு வரவில்லை.

ஒரே பதிவேற்றத்தில் வேறு வழுக்களும் சேர்ந்திருக்கும். அவற்றில் ஒன்று சோதிக்கப்படாவிட்டாலும் எல்லாம் நிற்கும். சேஞ்ச்லாகில் (பொதியின் மாற்றப் பட்டியலில்) உள்ள ஒவ்வொரு வழு எண்ணையும் திறந்து பாருங்கள். 'பிளாக்-புரொபோஸ்டு-நோபிள்' குறிச்சொல் இருந்தால், அந்த மாற்றத்துக்காக மட்டும் எல்லோரையும் தரவிறக்க வைக்க வேண்டாம் என்று அடுத்த அப்டேட்டுக்காக வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். ஆட்டோபிகேஜிடெஸ்ட் சிவப்பா என்பதை நிலுவைப் பட்டியல் காட்டும். எல்லாம் பச்சையாக இருந்தும் வெள்ளிக்கிழமை என்றால் திங்கள்வரை பொறுங்கள். வாரக் கடைசிக்கு முன் பொதுவாக வெளியிட மாட்டார்கள், உடைந்தால் பார்க்க ஆள் இருக்காது.

இன்னொரு சாத்தியம்: இடையில் அதே பொதிக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்திருக்கலாம். அப்படியானால் புரொபோஸ்டில் இருப்பதன் எண் பின்தங்கிவிடும், உங்கள் பேட்சைப் புதியதன் மேல் வைத்து மறுபடி பதிவேற்றுவார்கள். குறிச்சொல் திரும்ப 'நீடட்' ஆகும். பழைய சோதனை செல்லாது, புதிய எண்ணோடு முதலிலிருந்து செய்யுங்கள்.